நாற்பது பேருக்கு நான்கு குளியலறை: மலை முகாமில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கொடைக்கானல் மேல்மலையிலோ கோத்தகிரிப் பக்கமோ கூடார முகாம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கூடாரத்தின் விலையை விசாரிக்கிறார்கள். அடுத்து சமையல்காரர், அதற்கடுத்து இரவில் தீ மூட்டும் இடம். குளியலறை மிச்சமிருக்கும் மூலையில், மிச்சமிருக்கும் பணத்தில் கட்டப்படுகிறது. ஈரம், வெந்நீர், மின்சாரம், வழுக்கும் தரை, செருப்பில்லாத கால், உடையில்லாத உடம்பு எல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் முகாமிலேயே அது ஒன்றுதான் என்பதை யாரும் அப்போது நினைப்பதில்லை.

கணக்குக்கு வசதியாக ஒரு முகாமை வைத்துக்கொள்வோம்: இருபது கூடாரங்கள், நாற்பது பேர், நான்கு குளியலறைகள். உள்ளே போய் வெளியே வர ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால், காலையில் இரண்டு மணி நேரம் இடைவெளியே இல்லாமல் நான்கு அறைகளும் நனைந்துகொண்டிருக்கும். எடுக்க வேண்டிய முடிவுகள் நான்கைந்து இருந்தாலும் அவை சம எடை கொண்டவை அல்ல. தரையில் தவறினால் விருந்தினருக்குச் சேற்றுப்புண் வரலாம், வழுக்கி விழலாம். வெந்நீரில் தவறினால் உயிரே போய்விடும். அதனால், எல்லாரும் முதலில் கேட்கும் "எந்த மருந்து போட்டுக் கழுவுவது?" என்ற கேள்வியை நான் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

கடையில் கேட்டால் முதலில் கேஸ் கீசரைத்தான் காட்டுவார்கள். விலை குறைவு, மின்சாரம் அதிகம் வேண்டாம், குழாயைத் திறந்தவுடன் சூடு. இதைக் குளியலறைக்குள்ளேயே சுவரில் மாட்டிவிடும் பழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அதனால் மயங்கி விழுந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, இந்திய நரம்பியல் மருத்துவர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று அதற்குத் தனிப் பெயரே வைத்து எழுதியிருக்கிறார்கள். எரிவாயு அரைகுறையாக எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றும், கால் தளரும். கதவோ உள்ளே தாழிட்டிருக்கும்.

சமவெளியிலேயே நிலைமை இப்படி. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும்; பர்னருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. இதற்கு மேல் குளிர் வேறு. டிசம்பர் மாதம் வரும் விருந்தினர் குளியலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் காற்றுத் துவாரத்தில் துணியை அடைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே ஐந்து டிகிரி. எனவே கேஸ் கீசர் வைப்பதென்றால் கட்டடத்துக்கு வெளியே, மேலே தகரம் மட்டும் வேய்ந்த திறந்த சுவரில் வையுங்கள். உள்ளே வருவது தண்ணீர்க் குழாய் மட்டுமாக இருக்கட்டும். அதற்கு இடமில்லை என்றால் கேஸ் கீசரே வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஃபேன் ஓட மின்சாரம் வேண்டும், யாராவது அதைப் போட வேண்டும், குளிர் உள்ளே வருகிறது என்று யாரும் அதை அணைக்காமல் இருக்க வேண்டும். ஒரு உயிரை இத்தனை 'வேண்டும்'களின் மேல் நிறுத்த நான் தயாராக இல்லை.

மின்சார கீசரில் புகை இல்லை. அங்கே பயம் வேறு. ஒரு கீசர் 2 கிலோவாட் என்றால் நான்கும் சேர்ந்து 8 கிலோவாட். மலைக் கிராமத்தின் சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் காலை ஆறு மணிக்கு இதை ஓட்டினால் சமையலறை விளக்கு மங்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் கடைசி ஆளுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். பாதுகாப்புக்கு இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது: 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், ஒழுங்கான எர்த். பாறை நிலத்தில் எர்த் குழி பெரும்பாலும் பெயருக்குத் தோண்டப்படுகிறது. எலக்ட்ரீஷியன் கருவி வைத்து அளந்து காட்டாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு முகாமின் எல்லைக்குள்ளேயே இருக்கக் கூடாது. விருந்தினரே கொண்டுவருவார்கள் என்பதால், குளியலறைக்குள் பிளக் பாயின்ட் வைக்காமல் விடுவதே அதைத் தடுக்கும் எளிய வழி.

சோலார் ஹீட்டர் ஏப்ரல், மே மாதங்களில் மிக நன்றாக வேலை செய்யும். சிக்கல் மூடுபனி நாட்களில் வருகிறது. அன்று தொட்டித் தண்ணீர் முப்பது, முப்பத்தைந்து டிகிரியில் நின்றுவிடும். தொட்டால் இதமாகத்தான் இருக்கும். அந்த இதமான சூடுதான் லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்கும் பிடித்த சூடு.

இந்தப் பெயரை நம் ஊரில் அதிகம் கேள்விப்படுவதில்லை. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஓட்டல் ஒன்றில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. கலந்துகொண்டவர்களில் பலர் கடுமையான நிமோனியாவில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். காரணமான கிருமி மறு ஆண்டுதான் பிடிபட்டது. மாநாட்டை நடத்திய 'அமெரிக்கன் லீஜியன்' அமைப்பின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தண்ணீரைக் குடிப்பதால் அல்ல, தண்ணீர் நுண்துளியாகப் பறந்து நுரையீரலுக்குள் போவதால் இது தொற்றுகிறது. ஷவர் செய்வது அந்த வேலையைத்தான். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்ச் சுழல் தொட்டியிலிருந்து பரவி முப்பது பேருக்கு மேல் பலிகொண்டது. அதன் பிறகு அந்த நாடு விதிகளை இறுக்கியது. மருத்துவமனை, ஓட்டல் ஆகியவற்றோடு கூடார முகாம்களும் கண்காணிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இருக்கின்றன. ஆறு மாதம் பூட்டிக் கிடந்து, குழாயில் பழைய தண்ணீர் தேங்கி, திடீரென்று ஒரு விடுமுறை வாரத்தில் நிரம்பி வழியும் இடம் என்பதால் முகாம் அந்தப் பட்டியலுக்குள் வருவதில் வியப்பில்லை.

இந்தக் கிருமி 20 டிகிரிக்கு மேல் 45 டிகிரி வரை பெருகும், 60 டிகிரியில் தாக்குப்பிடிக்காது. ஆகவே தொட்டியில் 60, குழாய் முனையில் 50க்குக் குறையாமல் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் பெரியவர் தோலையே கொப்பளிக்க வைத்துவிடும். குழந்தைக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. கிருமிக்காகச் சூட்டை ஏற்றினால் தோல் வெந்துவிடும், தோலுக்காகக் குறைத்தால் கிருமி வளரும். இதற்கு விடை, வெந்நீரையும் தண்ணீரையும் தானே கலந்து 41, 42 டிகிரியில் விடும் தெர்மோஸ்டாட் வால்வு. அதைத் தொட்டியருகே வைத்துவிட்டு இருபது மீட்டருக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரைக் குழாயில் ஓட்டாதீர்கள். அந்த இருபது மீட்டரும் கிருமிக்கு வீடாகிவிடும். ஷவருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சோலார் தொட்டி என்றால் மேகமூட்ட நாளில் 60க்கு ஏற்ற உள்ளே ஒரு மின்சூடேற்றியும் வேண்டும்.

நான்காவது, விறகு பாய்லர். நாகரிகமாகத் தெரியாததால் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெளியே தனிக் கொட்டகையில், புகைபோக்கியோடு, ஒருவர் பொறுப்பில் எரிவது. குளிப்பவர் இருக்கும் அறைக்கும் நெருப்புக்கும் தொடர்பே இல்லை. மின்வெட்டு பாதிக்காது. குறைகள் இரண்டு. விறகை எங்கிருந்தும் பொறுக்கிவிட முடியாது. காப்புக்காட்டில் கை வைத்தால் வனத்துறை வழக்குப் போடும், போடவும் வேண்டும். சீகை, யூகலிப்டஸ் விறகை ரசீதோடு வாங்க வேண்டும். அடுத்தது, கொதிக்கும் தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு ஈரப்படியில் நடப்பது. அதை அறவே தவிர்த்து, பாய்லர் கொட்டகையிலேயே விளாவி, கை பொறுக்கும் சூட்டில் மட்டும் வாளி வெளியே போக வேண்டும் என்பதை விதியாக்கிவிடலாம்.

நாற்பது பேர் முகாமுக்கு நான் வரிசைப்படுத்தினால் வெளியே நிற்கும் விறகு பாய்லரோ, வெளியே மாட்டிய கேஸ் கீசரோ முதலில். மின்சூடேற்றி இணைந்த சோலார் அடுத்து. தனித்தனி மின்சார கீசர் மூன்றாவது. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசர் இந்த வரிசையில் இல்லை.

ஷவரா, வாளியா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். இணையத்தில் போடும் படத்தில் ஷவர் இருந்தால்தான் கட்டணம் கூட்ட முடியும் என்பது முகாம்காரர்களின் எண்ணம். எண்களைப் பார்ப்போம்.

ஒரு வாளிக் குளியல் இருபது லிட்டர். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் விடும் ஷவரில் ஆறு நிமிடம் நின்றால் 48 லிட்டர். குழாய்த் தண்ணீர் 15 டிகிரி, குளிக்கும் சூடு 40 என்று கொண்டால், நாற்பது பேருக்கும் வாளியில் தினமும் ஏறக்குறைய 23 யூனிட் வெப்பம் வேண்டும், ஷவரில் 56. வணிக சிலிண்டர் ஒன்றின் 19 கிலோ எரிவாயுவில், வீணாவது போக, 195 யூனிட்டளவு கிடைக்கும். ஆக வாளி என்றால் ஒரு சிலிண்டர் எட்டு நாளைக்கு வரும், ஷவர் என்றால் மூன்றரை நாள். தண்ணீர்க் கணக்கில் 800 லிட்டருக்கும் 1,920 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம், கோடையில் டேங்கர் வரவழைக்கும் முகாமுக்கு அப்படியே பணம். கழிவுநீரும் அதே அளவு குறைகிறது என்பதால் உறிஞ்சுகுழி நிரம்பி வழிவதும் குறையும்.

சுகாதாரத்திலும் வாளிக்கு ஒரு சாதகம் உண்டு: குவளையால் ஊற்றும் தண்ணீர் பெரிய துளியாக விழுகிறது, மூச்சுக்குள் போகும் நுண்துளிகள் மிகக் குறைவு. லெஜியோனெல்லா பற்றி மேலே சொன்ன கவலை பெருமளவு இதில் எழாது. முதியவர்கள் முக்காலியில் உட்கார்ந்து குளிக்கலாம். கண்ணில் சோப்பு நுரையோடு ஒற்றைக் காலில் நின்று தடுமாற வேண்டியதில்லை.

ஆனால் வாளியும் குவளையும் கை மாறுபவை. அடியில் வழவழப்பு ஏறும். சில இடங்களில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், அதுவும் பாக்டீரியாதான். தினமும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வெயிலில் வைக்க வேண்டும். அதைச் செய்ய ஆளில்லை என்றால் ஷவரே மேல். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வரும் முகாமில் ஷவரைத் தவிர்க்கவும் முடியாது. நடுவே ஒரு வழி இருக்கிறது: இரண்டு அறைகளில் வாளி, இரண்டில் கையில் பிடிக்கும் ஷவர். கை ஷவர் என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தையைக் குளிப்பாட்டும் தாயும் பயன்படுத்தலாம். இந்த நான்கில் ஒன்றையாவது அகலமான கதவோடும், சுவரில் கைப்பிடிக் கம்பியோடும், படியில்லாத வாசலோடும் கட்டுங்கள். பிறகு இடித்துக் கட்டுவது இரட்டைச் செலவு.

தரை

பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் வரவேற்பறைக்கு உரியது. சோப்புத் தண்ணீர் பட்டால் அதில் நிற்க முடியாது. வெறுங்காலோடு ஈரத்தில் நடக்கும் தரையை அளக்க ஜெர்மானியர்கள் டி.ஐ.என். 51097 என்று ஒரு தரத்தை வகுத்தார்கள். ஏ, பி, சி என மூன்று படிகள், குளியலறைக்கு 'பி' வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்களின் டைல்ஸ் பட்டியலில் இந்த எழுத்தைப் பார்க்கலாம். நம் ஊர்க் கடையில் 'ஆன்டி ஸ்கிட்' என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் ஒரு டைலைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

துடைப்பத்தால் கோடு இழுத்த சிமென்ட் தரை இதைவிட மலிவு, பிடிப்பும் நன்று. ஆனால் சிமென்ட் ஈரத்தை உறிஞ்சும், பாசி பிடிக்கும், ஆண்டுக்கொருமுறை பூச்சு வேண்டும். பணம் குறைவாக இருந்தால் இதையே நான் தேர்ந்தெடுப்பேன். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வது ரப்பர் விரிப்பையும் மரப் பலகையையும்தான். வழுக்காமல் இருக்கட்டும் என்று போடப்படுபவை அவை. அடியில் என்ன நடக்கிறது என்று தூக்கிப் பார்ப்பவர் யாருமில்லை. சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக்கும் பாதத்தில் மரு வரவைக்கும் வைரஸுக்கும் இருட்டும் ஈரமும் கலந்த அந்த இடம் போதும்.

டைலைவிட முக்கியமானது வாட்டம். அறுபது சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் தானே ஓடிவிடும். கொத்தனார் மட்டப்பலகை வைத்துக் காட்டிய பிறகும், ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். தண்ணீர் போகும் வழிக்குக் கம்பி வலை போட்ட மூடி வேண்டும். மலையில் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். எலி வந்தால் அதன் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும்.

யார் கழுவுவது, எப்போது?

மூன்று முறைகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, சம்பளத்துக்கு ஆள். இரண்டு, ஜெர்மனி, நெதர்லாந்து முகாம்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம்: அறைக்குள் வைப்பர் தொங்கும், குளித்தவரே தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும். மூன்று, ஐந்து கூடாரத்துக்கு ஒரு அறை என்று பிரித்துச் சாவியைக் கொடுத்துவிடுவது.

மூன்றாவது முறை காகிதத்தில் அழகு. தன் அறை என்ற எண்ணம் வரும், யார் அழுக்கு விட்டார்கள் என்பது தெரியும். நடப்பில் ஒரு குழு நடைப்பயணம் போகும்போது சாவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த அறைக்குரிய மற்றவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பள்ளி மாணவர் முகாம், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் போல, எல்லாரும் ஒரே அட்டவணையில் இயங்கும் இடத்துக்கு மட்டும் இது பொருந்தும்.

விருந்தினர் கையில் வைப்பர் கொடுப்பதை முகாம்காரர்கள் அவமரியாதை என்று நினைக்கிறார்கள். காசு கொடுத்து வந்தவரைத் தரை தள்ளச் சொல்வதா என்ற கூச்சம். அப்படித் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கதவின் உட்புறம் கண்ணுக்கு நேராக, "அடுத்து வருபவருக்காகத் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள்" என்று ஒரு வரியும், கைக்கெட்டும் கொக்கியில் வைப்பரும் இருந்தால் பலர் செய்கிறார்கள். மூலையில் சாத்திய, பிடி உடைந்த வைப்பரை யாரும் தொடமாட்டார்கள். எல்லாரும் செய்யாவிட்டாலும் பாதிப் பேர் செய்தாலே தரை உலரும் நேரம் கணிசமாகக் குறையும். ஆனால் இது தண்ணீரைத்தான் நீக்கும், அழுக்கை அல்ல. அதற்குச் சம்பள ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி ஒருவர். காலை உணவுக்கு உதவி, பாத்திரம், கூடாரம் பெருக்குதல், இடையே குளியலறை. வரிசை நின்றுகொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து ஒரு வாளி ஃபினாயிலை ஊற்றிவிட்டு வருவதைத்தான் அவரால் செய்ய முடியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது நேரம். தினமும் பகல் பதினொன்று முதல் ஒரு மணி வரை குளியலறைகள் பூட்டப்படும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் தேய்த்துக் கழுவ, மீதி நேரம் கதவும் சன்னலும் திறந்து காற்றாட. இந்த ஒன்றரை மணி நேர உலர்ச்சிக்கு ஈடான மருந்து எந்தக் கடையிலும் இல்லை. கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நீளப் பிடி பிரஷ் ஆகியவை அவருக்கென்று தனியாக இருக்க வேண்டும். கழிப்பறை பிரஷும் குளியலறை பிரஷும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் மாறிப்போகாது.

சுவர், கதவு, தாழ்ப்பாள்

கதவைச் சாத்தியவர் அச்சமின்றிக் குளிக்க முடிகிறதா என்பதும் பாதுகாப்பில் சேர்த்திதான், குறிப்பாகப் பெண்களுக்கு. கைபேசி கேமரா வந்த பிறகு இது கட்டட வடிவத்தையே மாற்ற வேண்டிய விஷயமாகிவிட்டது. அறைகளுக்கு இடையே ஏழடித் தடுப்பு, மேலே திறப்பு என்பது பழைய முறை. செலவு குறைவு, காற்றோட்டம் நன்று. இன்று அந்தத் திறப்பின் வழியாக ஒரு கை நீண்டால் போதும். இடைச்சுவரைக் கூரைவரை ஏற்றிவிட்டு, காற்றுக்கு வெளிச்சுவரின் உச்சியில் சாய்ந்த பலகைச் சன்னல் வைப்பதே மேல். கதவின் அடியில் விரலளவு இடைவெளிக்கு மேல் வேண்டாம். மேலே சொன்ன நச்சுவாயு ஆபத்தைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளிவிட்டால்தான் இப்படி இறுக்கமாகக் கட்ட முடியும் என்பதைக் கவனியுங்கள்.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் தாழ்ப்பாள் சந்தையில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட, ஆனால் கதவை உடைக்க வேண்டியதில்லை. பெண்கள் குளிப்பதை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை. இதை வாசலில் எழுதி வைப்பது விருந்தினரை மிரட்டுவதாகாது. வாரம் ஒருமுறை கொக்கி, கண்ணாடிப் பின்புறம், பல்பு ஹோல்டர் ஆகியவற்றை மேலாளரும் ஒரு பெண் பணியாளரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.

ஆண், பெண் பகுதிகளைப் பிரிப்பதா, எல்லாரும் பயன்படுத்தும் தனி அறைகளா? நான்கே அறைகள் என்றால் பிரித்தவுடன் ஒரு பக்கம் வரிசை, மறுபக்கம் காலி. ஆனாலும் குடும்பங்களும் கல்லூரிப் பெண்களும் வரும் முகாமில் பிரித்து வைப்பதையே நான் ஆதரிப்பேன். வரிசையில் நிற்கும் நேரத்தைவிட, இரவு எட்டு மணிக்குத் தலை துவட்டிக்கொண்டு நடந்து வரும் பாதை யாருடையது என்பது அவர்களுக்குப் பெரிது. அந்தப் பாதையில் விளக்கு கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, மருந்து

ஃபினாயில் மணம் வந்தால் சுத்தம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். அழுக்குத் தரையிலும் அதே மணம் வரும். எந்தக் கிருமிநாசினியும் சோப்புப் படலத்தின் மேல் ஊற்றினால் பாதி வேலைகூடச் செய்யாது. முதலில் சோப்புத்தூளும் பிரஷும், அதன் பிறகே மருந்து.

மருந்தில் ப்ளீச்சிங் பவுடருக்கு இணையான மலிவு இல்லை. புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்களவு குளோரின் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கலந்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை எடுத்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் மூன்றுக்கும் எதிராக வேலை செய்யும். யாராவது வாந்தியெடுத்துவிட்டால் மட்டும் ஐந்து மடங்கு வலுவாக. வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ், நறுமணத்தோடு விற்கும் பல தரைத் திரவங்களுக்கும் சானிடைசருக்கும் எளிதில் மசியாது. பவுடரின் குறை, ஈரக் காற்றில் வீரியம் இழப்பது. மலையில் மூட்டையாக வாங்கி வைத்தால் மூன்றாவது மாதம் சுண்ணாம்பைத்தான் தூவிக்கொண்டிருப்பீர்கள். சிறிய பொட்டலமாக வாங்கி இறுக மூடி வையுங்கள், கரைசலை அன்றன்று கலக்குங்கள். இந்தத் தண்ணீரை செப்டிக் டேங்குக்கு விட்டால் அங்கே மலத்தைச் சிதைக்கும் பாக்டீரியாவும் சாகும். குளியலறைத் தண்ணீருக்கு ஓடையிலிருந்து விலகித் தனி உறிஞ்சுகுழி வேண்டும்.

ஆசிட் கறையை நீக்கும், பார்ப்பதற்குப் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் டைல்ஸ் இடுக்கின் சிமென்ட்டை அரிக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல், முதல் உலகப் போரின் ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே வாயு. கழுவும் பெண்மணி குனிந்திருக்கும் உயரத்தில்தான் அது தேங்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். முடிந்தால் முகாமில் ஆசிட்டே வாங்காதீர்கள். ஷவர் தலையில் உப்புப் படிந்தால் எலுமிச்சை உப்பு போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி ஊறவைத்தால் சரியாகிவிடும்.

பருவம் முடிந்து பூட்டிவிட்டு மீண்டும் திறப்பவர்கள் முதல் விருந்தினர் வருவதற்கு முந்தைய நாளே வேலையைத் தொடங்க வேண்டும். தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, நிரப்பி, 60 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். சன்னல்களைத் திறந்து வைத்து, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, குழாய் முனையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறந்துவிடுங்கள்; துளி பறக்காமல் பழைய தண்ணீர் வெளியேறிவிடும். சுடுதண்ணீர் வரத் தொடங்கிய பிறகும் ஐந்து நிமிடம் ஓடட்டும். திறப்பவர் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். இடையில் விருந்தினர் இல்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை இதையே சுருக்கமாகச் செய்தால் போதும்.